இடுப்பில் இருக்கும் துப்பாக்கிக்கு எந்த உறை?

நேயர்களுக்கு வணக்கம்.

துப்பாக்கி உறையைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். ஹோல்ஸ்டர் என்கிறோமே, அதுதான். காம்பாக்ட், அதாவது சற்றே சிறிய வகைக் கைத்துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லச் சட்டப்படி உரிமம் பெற்றவர்களுக்கான பேச்சு இது. யாருக்கு உரிமம், எங்கே கொண்டு போகலாம், எங்கே கூடாது என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். அதை உங்கள் ஊர்ச் சட்டத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உரிமம் இல்லாதவர்களும் கேட்கலாம். வீட்டில் ஒருவர் இடுப்பில் துப்பாக்கியோடு நடமாடினால், மற்றவர்களும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நான் நெடுங்காலமாகத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்து வருகிறேன். எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று மாதக்கணக்கில் யோசிக்கிறவர்களைப் பார்க்கிறேன். நாலு பேரிடம் கேட்பார்கள், கையில் பிடித்துப் பார்ப்பார்கள், சுட்டுப் பார்ப்பார்கள். எல்லாம் முடிந்து பணம் கட்டும்போது, பக்கத்தில் தொங்குகிற துணி உறை ஒன்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்று அட்டையில் போட்டிருக்கும். அதைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற உறை எதற்கும் சரியாகப் பொருந்தாது.

ஏன் இவ்வளவு கவலைப்படுகிறேன் என்று சொல்கிறேன். கிளாக் 19-ஐ எடுத்துக்கொள்வோம். 1988-இல் வந்தது; காம்பாக்ட் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். குழல் 102 மில்லிமீட்டர், மேகசினில், அதாவது தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகுகிற பெட்டியில், 15 தோட்டா, நிறைத்தால் சுமார் 850 கிராம். அதில் வெளியே தெரிகிற சுத்தியல் கிடையாது. கட்டைவிரலால் தள்ளிப் பூட்டுகிற நெம்புகோலும் கிடையாது. உள்ளே மூன்று பாதுகாப்பு அமைப்புகள் இருக்கின்றன. கீழே விழுந்தால் வெடிக்காது. ஆனால் விசையை, அதாவது ட்ரிகரை, இழுத்தால் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக விலகிக்கொள்ளும். அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். அந்த விசையை இழுக்க ஏறக்குறைய இரண்டரைக் கிலோ அழுத்தம் போதும். இழுப்பது விரலா, சட்டை நுனியா, சாவிக்கொத்தா என்று துப்பாக்கிக்குத் தெரியாது.

ஆக, அந்த நெம்புகோல் செய்யாத வேலையை உறைதான் செய்கிறது. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி உள்ளே இருக்கிறவரை எதுவும் விசையைத் தொட முடியாதபடி மூடியிருக்க வேண்டும். முன்புறம், பின்புறம், பக்கவாட்டு என்று விசையைச் சுற்றியுள்ள வளையம் முழுக்க மூடியிருக்க வேண்டும். மூடுகிற பொருளும் கெட்டியாக இருக்க வேண்டும். மெல்லிய துணி மூடத்தான் செய்யும், ஆனால் வெளியிலிருந்து அழுத்தினால் துணியோடு சேர்ந்து விசையும் அழுந்தும். சாப்பாட்டு மேசை விளிம்பு வயிற்றில் இடித்தால்கூடப் போதும்.

என் வகுப்புக்கு ஒருவர் வந்தார். வயதானவர், ரொம்ப நிதானமானவர், எதையும் அவசரப்பட்டுச் செய்ய மாட்டார். அன்று குளிர். இடுப்பளவு ஜாக்கெட் போட்டிருந்தார். அந்த மாதிரி ஜாக்கெட்டின் அடியில் ஒரு கயிறு ஓடும் பாருங்கள், இறுக்கிக்கொள்ள. அதன் நுனியில் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு பிளாஸ்டிக் குமிழ் இருக்கும். துப்பாக்கியை வெளியே எடுத்தார், சுட்டார், விரலை விசையிலிருந்து எடுத்து நீட்டி வைத்துக்கொண்டார். எல்லாம் சரி. அப்புறம் உறைக்குள் திருப்பி வைக்கும்போது பாதியில் கை நின்றது. நான் பக்கத்திலேயே நின்றேன். "ஏதோ தட்டுதுங்க" என்றார். அசையாமல் அப்படியே நின்றார். பிறகு வந்த வழியிலேயே துப்பாக்கியை மெதுவாக வெளியே எடுத்தார். எடுக்கும்போது அந்தக் குமிழ் விசை வளையத்துக்குள்ளிருந்து நழுவி வெளியே விழுந்ததை நானே கண்ணால் பார்த்தேன். சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறையில், தோட்டா இருந்தது. கொஞ்சம் பலமாக அழுத்தியிருந்தால் குமிழ் உறையின் விளிம்பில் மாட்டிக்கொண்டிருக்கும், துப்பாக்கி கீழே போகப் போக விசை பின்னால் போயிருக்கும். இரண்டரைக் கிலோ என்று சொன்னேனே, ஒரு பொருளை உள்ளே திணிக்கிற கைக்கு அது பெரிய அழுத்தமே இல்லை.

அவரைக் காப்பாற்றியவை இரண்டு. ஒன்று அவருடைய நிதானம். இன்னொன்று அந்த உறை. அது கெட்டியான பிளாஸ்டிக்கில் அச்சு எடுத்தது, எப்போதும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். அதனால்தான் வழக்கத்துக்கு மாறாகத் தட்டியது கைக்கு உடனே தெரிந்தது. தளர்ந்துபோன உறையாக இருந்தால், தினமும் இப்படித்தானே இடிக்கிறது என்று தள்ளியிருப்பார்.

எடுக்கும்போது வேகம் தேவைப்படலாம். திருப்பி வைக்கும்போது எந்த அவசரமும் கிடையாது. சட்டையை இன்னொரு கையால் நன்றாக மேலே தூக்கிப் பிடியுங்கள். உறையின் வாயைக் கண்ணால் பாருங்கள். விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். மெதுவாக வையுங்கள். ஏதாவது தட்டினால் நிறுத்துங்கள், வெளியே எடுத்துப் பாருங்கள். பார்க்காமலேயே வைக்கிறவன் கெட்டிக்காரன் என்று ஒரு நினைப்பு சிலரிடம் இருக்கிறது. அது வேண்டாம்.

உறையின் வாய் என்றேன். அந்த வாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். துப்பாக்கி வெளியே இருக்கும்போதும் வாய் திறந்தபடியே நிற்க வேண்டும். கால்சட்டைக்குள் செருகி மேலே பெல்ட்டை இறுக்கினால், மெல்லிய உறை அமுங்கி மூடிக்கொள்ளும். அப்புறம் துப்பாக்கியின் குழலாலேயே அதை நெம்பித் திறக்கத் தோன்றும், இல்லையென்றால் இடது கை விரலை விட்டு விரிக்கத் தோன்றும். அதாவது தோட்டா நிறைந்த துப்பாக்கியின் குழல் வாய்க்கு முன்னால் உங்கள் விரல்! 1970-களில் கலிபோர்னியாவில் மாறுவேடத்தில் வேலை செய்த அதிகாரி புரூஸ் நெல்சன் இதற்கு ஒரு வழி கண்டார். அவர் வடிவமைத்து, அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உறை செய்பவரான மில்ட் ஸ்பார்க்ஸின் பட்டறையில் தைத்துப் பிரபலமான 'சம்மர் ஸ்பெஷல்' என்ற தோல் உறையின் வாயில், தோலுக்கு நடுவே ஒரு உலோகப் பட்டையை வைத்துத் தைத்திருப்பார்கள். பெல்ட் எவ்வளவு இறுக்கினாலும் வாய் மூடாது. தோலின் சொரசொரப்பான பக்கம் வெளியே இருக்கும், ஆடையைப் பிடித்துக்கொண்டு நழுவாமல் நிற்கும். இன்றைக்கும் நல்ல தோல் உறை செய்கிறவர்கள் வாய்க்கு ஏதாவது ஒரு பலம் கொடுத்துத்தான் தைக்கிறார்கள். அப்படி இல்லாத தோல் உறையை வாங்காதீர்கள்.

தோல் எனக்குப் பிடிக்கும். உடம்போடு ஒட்டிப் பழகிவிடும், சத்தம் போடாது. ஆனால் தோல் வியர்வை குடிக்கும், வருஷங்கள் போனால் தொய்யும். தொய்ந்த தோல் வாயருகே உள்பக்கமாக மடியும். அந்த மடிப்பு விசை வளையத்துக்கு நேராக வந்துவிட்டால், ஜாக்கெட் குமிழ் செய்த வேலையை உறையே செய்யும். திருப்பி வைக்கும்போது, அல்லது உட்காரும்போது மடிப்பு அழுத்தி, துப்பாக்கி வெடித்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. தோல் உறை வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கு வீட்டில் அதை வெளிச்சத்தில் வைத்து வாயோரத்தை விரலால் தடவிப் பாருங்கள். உள்ளே திரும்புகிற மாதிரி ஒரு கோடு விழுந்திருந்தால், எவ்வளவு ஆசையாக வாங்கியதாக இருந்தாலும் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக் மடியாது. 1960-களில் விமானங்களின் உட்புற வேலைக்காக உருவாக்கிய தகடு அது. சூடாக்கி இளக்கி, துப்பாக்கியின் மேலேயே அழுத்தி அச்செடுப்பார்கள். துப்பாக்கியை உள்ளே வைத்தால் விசை வளையத்தில் மாட்டி 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். சரியாக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் முன் கண்ணாடிக்குக் கீழே போட்டுவைத்தால் வடிவம் கெட்டுப்போகும்.

துப்பாக்கியின் அடியில் டார்ச் மாட்டியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். டார்ச் துப்பாக்கியைவிட அகலமானது. அது உள்ளே போக வேண்டுமானால் உறையின் வாயும் அகலமாகத்தான் இருக்க வேண்டும். அதனால் விசைக்குப் பக்கத்தில் இடைவெளி கூடிவிடும். துப்பாக்கியை உறையில் வைத்து மேலிருந்து பார்த்தால் சிலவற்றில் விசையே தெரியும், சுண்டுவிரல்கூட உள்ளே போகும். அதே துப்பாக்கி, அதே டார்ச் இரண்டுக்கும் சேர்த்து அச்செடுத்த உறையாகவே இருந்தாலும் இதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

சரி, மறைப்பதற்கு வருவோம். குழல் நீளமாக இருந்தால் மறைக்க முடியாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். குழல் கால்சட்டைக்குள் போய்விடுகிறது, அது யார் கண்ணுக்கும் தெரியாது. சட்டையைத் துருத்திக் காட்டிக்கொடுப்பது பிடிதான். அதனால் பிடியை உடம்போடு ஒட்டவைக்கிற உறையைத் தேடுங்கள். பல உறைகளில் விசை வளையத்துக்குப் பக்கத்தில் சிறகு மாதிரி ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். பெல்ட் அதை அழுத்த, பிடி உடம்புப் பக்கம் திரும்பும். உறையின் அடியில், உடம்பு படுகிற பக்கத்தில் ஒரு பஞ்சு மேடு வைத்தால் குழல் முனை வெளியே தள்ளப்பட்டு, மேலே பிடி உள்ளே சாயும். சின்ன உறை நன்றாக மறையும் என்பதும் தப்புக் கணக்கு. பெல்ட்டுக்குக் கீழே நீளம் போதவில்லையென்றால், மேலே இருக்கிற பிடியின் கனத்தில் துப்பாக்கி வெளியே கவிழும். பெல்ட் தொளதொளவென்று இருந்தாலும் அதே கதைதான். ஒன்றரை அங்குல அகலத்தில் விறைப்பான பெல்ட் வாங்குங்கள். எத்தனையோ பேர் உறை சரியில்லை என்று என்னிடம் வந்து, பெல்ட்டை மட்டும் மாற்றிக்கொண்டு திருப்தியாகப் போயிருக்கிறார்கள்.

இடுப்பின் பக்கவாட்டில், எலும்புக்குச் சற்றுப் பின்னால் வைத்தால், உறையை முன்பக்கம் கொஞ்சம் சாய்த்து மாட்டுங்கள். பிடி விலா எலும்போடு ஒட்டிக்கொள்ளும். முன்னால் தொப்புளுக்குப் பக்கத்தில் வைப்பதும் இப்போது நிறையப் பேருக்குப் பழக்கம். நன்றாக மறையும், உட்கார்ந்திருக்கும்போதும் கைக்கு எட்டும். ஆனால் குழல் தொடையின் பெரிய ரத்தக்குழாயைப் பார்த்தபடி இருக்கிறது. அங்கே வைக்கிறவர்களுக்கு நான் சொல்வது: காலையில் துப்பாக்கியை மேசை மேல், ஆபத்தில்லாத பக்கம் பார்த்தபடி உறைக்குள் வையுங்கள். அப்புறம் உறையோடு சேர்த்து இடுப்பில் செருகுங்கள். இரவில் கழற்றும்போதும் உறையோடு. பகலில் திருப்பி வைக்க வேண்டி வந்தால் இடுப்பை முன்னால் தள்ளி, மேல் உடம்பைப் பின்னால் சாய்த்து, பார்த்து வையுங்கள்.

கால்சட்டைப் பையில் வைக்கிறவர்களுக்கும் உறை கட்டாயம். அந்தப் பையில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. சாவி கூடாது, சில்லறை கூடாது, பேனாவும் கூடாது. கைப்பையில் வைப்பதானால் துப்பாக்கிக்கென்று தனி அறை, அதற்குள்ளும் உறை. பை உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது. குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதற்கு விதிவிலக்கே கிடையாது.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். வாங்கி வந்ததும் எப்படிச் சோதிப்பது என்று நிதானமாகச் சொல்ல நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். மேகசினைக் கழற்றி, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள், இரண்டு தடவை. காலித் துப்பாக்கியை உறையில் வைத்து, கட்டிலுக்கு மேலே தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள், விழக் கூடாது. உறையை இடுப்பில் மாட்டி, ஆபத்தில்லாத பக்கம் பார்த்து உருவுங்கள்; துப்பாக்கி மட்டும்தான் வர வேண்டும், உறையும் சேர்ந்து வந்தால் கொக்கி பெல்ட்டைப் பிடிக்கவில்லை. உறையில் இருக்கும்போதே உள்ளங்கை முழுக்கப் பிடி கிடைக்கிறதா பாருங்கள். விரல் பெல்ட்டில் இடித்தால் உறையைக் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள். குனியுங்கள், உட்காருங்கள், காரில் ஏறி சீட் பெல்ட் போட்டுப் பாருங்கள். நடக்க நடக்கத் திருகுகள் தளரும், அதனால் நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு விட்டு முடுக்குங்கள், அவ்வப்போது தொட்டும் பாருங்கள். துணித் தூசி உறைக்குள் சேரும், அதையும் துடைத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.