நண்பன் டியூட்டிக்கு வருவானா?

நடுவர் அவர்களே, பினாங்குப் பெரியோர்களே, வணக்கம். மருத்துவ மாணவரின் மன அழுத்தத்தைத் தாங்குவது குடும்பமா, நண்பர்களா? நண்பர்களே! அவ்வளவுதான் என் முன்னுரை.

ஆனால் எதிரணி அக்கா ஒன்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார்: "நண்பன் தே தாரேக் டீ குடிக்க வருவான், டியூட்டிக்கு வருவானா?" வந்திருக்கிறான் அக்கா! இந்த நிமிடம் வார்டில் என் ஆன்கால் டியூட்டியை என் அறைத்தோழன்தான் பார்க்கிறான், அதனால்தான் நான் இந்த மேடையில் நிற்கிறேன்.

தே தாரேக் என்றால் அவ்வளவு லேசா? இரண்டாம் வருடம், மறுநாள் அனாட்டமி வாய்மொழித் தேர்வு. மண்டை நரம்புகள் 12 ஜோடி. இரவு பத்து மணிக்குத் திறந்த பக்கம் ஒரு மணிக்கும் அதே பக்கம்தான், நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. நடுவில் அம்மா போன் செய்தார். "சாப்பிட்டேம்மா, நல்லா இருக்கேம்மா." இரண்டும் பொய். கடன் வாங்கிப் படிக்க வைப்பவரிடம் பயமாக இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

அறைத்தோழன் சுங்கை பட்டாணிக்காரன். புத்தகத்தை மூடினான். "வாடா." மாமாக் கடை, இந்திய முஸ்லிம் உணவகம். நான் ஒரு ரொட்டி சானாயைத் தின்று முடிக்கும்வரை அவன் வாயே திறக்கவில்லை. அப்புறம் உள்ளங்கையை என் காதோரம் வைத்து, ஐந்து விரலையும் முகத்தில் விரித்தான். "இதான்டா முக நரம்பு. அஞ்சு கிளை. கட்டைவிரல் நெற்றிப்பொட்டுக்கு, சுண்டுவிரல் கழுத்துக்கு." பக்கத்து மேசையே திரும்பிப் பார்த்தது, அவன் கையை எடுக்கவில்லை.

மறுநாள் தேர்வாளர் என்ன கேட்டார் தெரியுமா? முக நரம்பின் கிளைகள்! சபையோரே, அந்தக் கை என் கன்னத்தில் இருந்தது, குழம்பு வாசனையோடு இருந்தது, விரல் விரலாகச் சொன்னேன்.

சரி, இன்னொன்று, அவனிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். வார்டில் ஒரு குழந்தை இறந்தது, அவன் உடைந்து போனான். மூன்று நாள் வகுப்புக்கு வரவில்லை. போனில் மட்டும் "நல்லா இருக்கேம்மா." அந்த வார்த்தை எனக்குத் தெரியும். எனக்குப் பேச வரவில்லை, அவன் கன்னத்தில் ஐந்து விரலையும் வைத்தேன். அழுதான். அன்று சாயங்காலம் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான 15555-ஐ நான் அழுத்திக் கொடுத்தேன், அவன் பேசினான். காலையில் கவுன்சிலர் அறை வரை கூடவே போனேன். அவன் உள்ளே, நான் வெளியே பெஞ்சில், அவன் பை என் மடியில். பைக்குள் போன் அடித்தது. அவன் அம்மா.

இந்த முறை நான் பொய் சொல்லவில்லை.