சிடுமூஞ்சி நாயகன் வழுக்கி விழுந்த கதை

நேயர்களுக்கு வணக்கம். முகத்தில் சுளிப்பு, நெஞ்சில் ஒரு ரகசியம், எவரையும் மதிக்காத பேச்சு. இப்படியொரு நாயகனை நம் எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் இவனுக்கு மவுசு ஏற்றிவிட்டவர் கவிஞர் பைரன். 1814-இல் வந்த அவருடைய கடற்கொள்ளையன் கதை, ‘தி கோர்சேர்’, முதல் நாளே 10,000 பிரதிகள் விற்றது. அந்த ஆளை நாவலுக்குள் இழுத்துவந்து, ‘சரி, இவனோடு குடித்தனம் நடத்த முடியுமா?’ என்று பார்த்தவர்கள் இங்கிலாந்தில் யார்க்ஷயரைச் சேர்ந்த பிரான்டே சகோதரிகளான சார்லட், எமிலி, ஆன்.

முதலில் சார்லட் எழுதிய ‘ஜேன் ஐர்’, 1847. நாயகன் ராச்செஸ்டர் எப்படி அறிமுகமாகிறான்? ஜனவரி மாதம், பொழுது சாயும் நேரம். அவன் வீட்டில் தங்கிப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை ஜேன்; அவனை இன்னும் பார்த்ததில்லை. தபாலில் சேர்க்கக் கடிதம் எடுத்துக்கொண்டு தனியாக நடந்து போகிறாள். குளம்போசை கேட்கிறது. பெரிய நாய் ஒன்று ஓடிவருகிறது. சின்ன வயதில் கேட்ட பேய்க்கதை அவளுக்கு நினைவு வருகிறது. பின்னாலேயே குதிரையில் ஒருவன். ஆகா, நாயகன் வந்துவிட்டான் என்று நாம் நிமிர்ந்து உட்காரும்போது, பனிக்கட்டியில் குதிரை சறுக்கி, ஆள் கீழே கிடக்கிறான். கணுக்கால் சுளுக்கு! குதிரையைப் பிடிக்கச் சொல்கிறான். அது அவளை அண்டவிடவில்லை. கடைசியில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போய்த்தான் ஏறுகிறான். இதில் குறும்பு வேறு: ‘அந்த வீடு யாருடையது?’ என்று தன் வீட்டையே காட்டிக் கேட்கிறான். தான் யாரென்று மட்டும் சொல்வதில்லை.

மறுபடியும் சொல்கிறேன், விழுந்தபடிதான் அறிமுகம். இவன் அழகனாக இருந்திருந்தால் நின்று பேசவே துணிந்திருக்க மாட்டேன் என்கிறாள் ஜேன். பின்னால் வந்த நகல்களில் பல தோற்பது இங்கேதான். முறைப்பை எடுத்துக்கொண்டார்கள், சறுக்கலை விட்டுவிட்டார்கள். எதிரே நின்று பதில் சொல்ல ஒரு பெண் இல்லாவிட்டால் அவன் வெறும் சிடுமூஞ்சி.

அவள் சம்பளம் ஆண்டுக்கு 30 பவுன். ஊருக்குப் போகக் கணக்குக் கேட்கிறாள். பாக்கி 15, அவன் 50 பவுன் நோட்டை நீட்டுகிறான். சில்லறை இல்லை என்கிறாள். உடனே அதை வாங்கிக்கொண்டு 10 கொடுக்கிறான், கையில் பணமிருந்தால் திரும்பி வரமாட்டாளோ என்று! ‘அப்படியானால் நீங்கள் எனக்கு 5 பவுன் பாக்கி’ என்கிறாள். நாவலில் இருக்கும் காதல் வசனங்கள் அத்தனையையும்விட எனக்கு இந்தக் கணக்கு உசத்தி.

எமிலியின் ‘வதரிங் ஹைட்ஸ்’ அதே 1847-இல் வந்தது. அதில் ஹீத்கிளிஃபைக் காதல் நாயகனாக நினைத்து ஓடிப்போகிறாள் இசபெல்லா. அந்த நினைப்பைக் கேலி செய்பவன் ஹீத்கிளிஃபேதான். புறப்படும்போதே அவள் நாய்க்குட்டியைக் கைக்குட்டையில் தூக்கில் மாட்டியவன் அவன். வேலைக்காரி நெல்லி பார்த்து அவிழ்த்துவிட்டதால் அது பிழைத்தது. இதையும் காதல் கதை என்று பரிசளிப்பவர்கள் இருக்கிறார்கள், என்ன சொல்ல!

நேரம் நெருங்கிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். ஆன் பிரான்டேயைப் பற்றித்தான் அதிகம் சொல்ல நினைத்தேன். 1848-இல் வந்த அவருடைய ‘தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்’ நாவலில், கணவனைத் திருத்திவிடலாம் என்று நம்பிக் கல்யாணம் செய்துகொள்கிறாள் ஹெலன். அவனோ சின்னஞ்சிறு மகனுக்கும் மது பழக்குகிறான். மதுவைக் கண்டாலே பிள்ளைக்குக் குமட்டட்டும் என்று, அதில் வாந்தி மருந்தைக் கொஞ்சமாகக் கலந்து அவனுக்குக் கொடுக்கிறாள் ஹெலன். அது பலித்தும் விடுகிறது. அப்புறம் பிள்ளையோடு தப்பிப்போகிறாள். மீதியை நாவலில் படித்துக்கொள்ளுங்கள். வணக்கம்.