'ஒன்ஸ்-ஓவர்': நோட்டம் விடுவதா, ஏற இறங்கப் பார்ப்பதா?

வணக்கம்.

மேலாளரிடமிருந்து ஒரு மெயில் வருகிறது. கூடவே 20 பக்க அறிக்கை. மெயிலில் ஒரே வரி.

(திரையில்: 'கிவ் இட் எ குவிக் ஒன்ஸ்-ஓவர்')

என்ன செய்யச் சொல்கிறார்? 'ஓவர்' என்றதும் நம் மனம் கிரிக்கெட்டுக்குப் போகும், இல்லையென்றால் 'எல்லாம் முடிந்தது' என்ற பொருளுக்குப் போகும். இங்கே இரண்டும் இல்லை. 'லுக் ஓவர்', 'ரீட் ஓவர்' என்று சொல்கிறோமே, அந்த ஓவர்தான் இது. மேலிருந்து கீழ்வரை கண்ணை ஓடவிடுவது. 'ஒன்ஸ்' என்றால் ஒரு தடவை. ஆக, 'இதை ஒரு நோட்டம் விட்டுச் சொல்' என்கிறார், அவ்வளவுதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பேச்சு வழக்கில் பரவிய சொல் இது.

'நுனிப்புல் மேய்வது' என்று இதை மொழிபெயர்த்துவிடாதீர்கள். நுனிப்புல்லில் ஒரு குறை சொல்லும் தொனி இருக்கிறது. ஒன்ஸ்-ஓவரில் அது கிடையாது. நேரம் குறைவு, கண்ணில் படும் தவறு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்பதுதான் பேச்சு.

இலக்கணம் சின்னதுதான், ஆனால் பலரும் வழுக்குவது இங்கேதான். இது பெயர்ச்சொல். 'ஐ ஒன்ஸ்-ஓவர்ட் தி ரிப்போர்ட்' என்று வினையாக்க முடியாது. 'கிவ்' வேண்டும்: 'ஐ கேவ் தி ரிப்போர்ட் எ ஒன்ஸ்-ஓவர்.' எழுதும்போது நடுவில் அந்தச் சிறு கோடும் வேண்டும்.

சரி, இப்போது சுவாரசியமான இடம். பார்க்கப்படுவது பொருளாக இல்லாமல் ஆளாக இருந்தால்?

(திரையில்: 'ஷி கேவ் மீ தி ஒன்ஸ்-ஓவர்')

இதற்குத் தமிழில் கச்சிதமான தொடர் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: 'என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.' தலை முதல் கால் வரை ஒரே பார்வையில் அளந்து, ஆள் எப்படி என்று மனத்துக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவது. ஆளைச் சொல்லும்போது பெரும்பாலும் 'எ' போய் 'தி' வந்துவிடும். தொனியும் மாறிவிடும். அறிக்கைக்குக் கொடுத்தால் உதவி, ஆளுக்குக் கொடுத்தால் கொஞ்சம் மரியாதைக் குறைவு. அகராதியில் இரண்டும் ஒரே பதிவில் இருந்தாலும், நான் இவற்றை இரண்டு சொற்களாகவே நினைவில் வைத்திருக்கிறேன். அதுதான் வசதி.

சுத்தம் செய்வதற்கும் இது வரும். அறைக்கு ஒரு 'குவிக் ஒன்ஸ்-ஓவர்' என்றால் மேலாக ஒரு முறை பெருக்கித் துடைப்பது.

பக்கத்திலேயே ஒரு பள்ளம் இருக்கிறது: 'கோயிங்-ஓவர்'. இது ஏறக்குறைய எதிர்ப்பொருள். துருவித் துருவிச் சோதிப்பது. ஆளுக்குக் கொடுத்தால் செம அடி கொடுப்பது என்றும் ஆகும்! மாற்றிச் சொன்னால் வம்பு.

பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இதன் பங்காளி ஒன்று உண்டு: 'டெக்கோ'. 'பார்' என்ற பொருள்படும் இந்திச் சொல் 'தேக்கோ'தான். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் பேச்சில் புகுந்து ஆங்கிலமானது. அதற்குப் பெரும்பாலும் 'கிவ்' வராது. 'ஹேவ் எ டெக்கோ' அல்லது 'டேக் எ டெக்கோ'. இன்று கொஞ்சம் பழைய வாடை அடிக்கும் சொல்.

அப்புறம், அந்த மெயிலுக்கு வருவோம். 'கேவ் இட் எ ஒன்ஸ்-ஓவர், லுக்ஸ் ஃபைன்' என்று பதில் போடலாம். ஒவ்வொரு எண்ணையும் நான் சரிபார்க்கவில்லை என்பதையும் அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் தணிக்கை அறிக்கையில் மட்டும் இந்தச் சொல்லை எழுதிவிடாதீர்கள்.