பண்ணையாள் வில்லன் ஆன கதை

வணக்கம் மக்களே! நம்பியார் கையைப் பிசைந்துகொண்டு ஒரு பார்வை பார்த்தால் போதும், தியேட்டரே திட்டித் தீர்க்கும். ஆனால் அந்த 'வில்லன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முதலில் கெட்டவன் என்ற அர்த்தமே கிடையாது.

லத்தீனில் 'வில்லா' என்றால் பண்ணை வீடு. ரியல் எஸ்டேட் விளம்பரத்தில் வருகிறதே, அதே வில்லாதான். அந்தப் பண்ணையைச் சேர்ந்த ஆள் 'வில்லானஸ்'. அது பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போனது. நம் வழக்கில் சொன்னால் பண்ணையாள், அவ்வளவுதான். 1086இல் வில்லியம் மன்னர் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பில் பதிவானவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேர் இந்த வகை.

பிற்பாடு அவர்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள். வாரத்தில் சில நாள் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். மகளுக்குக் கல்யாணம் என்றால் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும். குடும்பத் தலைவர் செத்துப்போனால், தொழுவத்தில் இருப்பதிலேயே நல்ல மாட்டைப் பிரபுவுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதுவும் இழவு வீட்டில்! இதில் யார் வில்லன்?

1381இல் பொறுத்தது போதும் என்று லண்டனுக்குள் புகுந்தார்கள். 14 வயது ராஜா இரண்டாம் ரிச்சர்ட், இனி யாரும் பண்ணையடிமை இல்லை என்று சாசனம் கொடுத்தார். தலைவர் வாட் டைலர் கொல்லப்பட்டு, கிளர்ச்சி அடங்கியதும் அந்தச் சாசனம் ரத்து.

சரி, பண்ணையாள் எப்படி அயோக்கியன் ஆனான்? எழுதுகோல் இருந்தது மேல்தட்டுக்காரர்கள், பாதிரியார்கள் கையில். அவர்கள் கண்ணுக்கு உழவன் முதலில் நாகரிகம் இல்லாதவன், அப்புறம் நம்பத்தகாதவன், அப்புறம் அயோக்கியன். கதாநாயகனுக்கு எதிரி என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. அந்த மேல்தட்டுக்காரர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரைப் பாருங்கள்: 'ஜென்டில்'. நல்ல குலத்தில் பிறந்தவன் என்பதுதான் அதன் பழைய பொருள். இப்போது மென்மையானவன், பண்பானவன்! எனக்குக் கோபம்தான் வருகிறது.

நம் சினிமா தெரியாமலேயே கணக்கைத் தீர்த்துவிட்டது. எத்தனை பழைய படங்களில் பண்ணையார்தான் வில்லன்!

'நேவ்' (knave) என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வழியில் போனதுதான். முதலில் பையன், பிறகு வேலைக்காரப் பையன், கடைசியில் போக்கிரி. அதை அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.