மரம் நழுவினால் கை எங்கே போகும்?

[காட்சி: வீட்டுக் கோடிப்பக்கம் ஒரு தகரக் கொட்டில். மேசைப் பலகைக்கு அடியில் கவிழ்த்துப் பூட்டிய சேர்குலர் சோ (கரண்டில் ஓடும் வட்ட வாள்), பிளேட் மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது. கழற்றின பிளக் மேசைமேல் கிடக்கிறது.]

வணக்கம். களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று இலங்கையின் கிழக்குக் கரையோரமாய்ப் போனால் இப்படியொரு கொட்டில் இருக்கிற வளவுகள் நிறைய. நாலு அங்குலக் கிரைண்டர் ஒன்று, ட்ரில் ஒன்று, சேர்குலர் சோ ஒன்று, வசதியிருந்தால் மரம் சீவுகிற பிளேனர். கட்டில், கதவு நிலை, கோழிக்கூடு எல்லாம் இதற்குள்தான் பிறக்கும். விரல் போவதும் இதற்குள்தான்.

விரல் வெட்டுப்பட்டவரிடம் கேட்டுப் பாருங்கள். கையைக் கொண்டுபோய் வாளில் வைத்தேன் என்று சொல்ல மாட்டார். "மரம் இழுத்துக்கொண்டு போயிட்டுது" என்பார். அதுதான் உண்மையும். தள்ளுகிற பலம் முழுவதையும் மரம் தாங்கிக்கொண்டிருக்கும். அந்த மரம் திடீரென்று துள்ளினாலோ, பிளந்தாலோ, வெட்டி முடிந்துபோனாலோ, தாங்க ஆளில்லாத பலம் கையையும் கூட்டிக்கொண்டு முன்னுக்குப் பாயும். ஆகவே சுவிச்சைப் போட முதல் ஒரு கேள்வி: இந்தப் பலகை இப்ப இல்லாமல் போனால் என் கை எங்கே போய் நிற்கும்? பதில் "பிளேட்டில்" என்றால் பிடியை மாற்றுங்கள், அல்லது நிற்கிற இடத்தை மாற்றுங்கள்.

[திரையில்: 185 மி.மீ. பிளேட், நிமிடத்துக்கு 5000 சுற்று]

கையை இழுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 185 மில்லிமீற்றர் பிளேட் நிமிடத்துக்கு 5000 சுற்று சுற்றினால் பல்லின் நுனி செக்கனுக்கு 48 மீற்றர் ஓடுகிறது. மணிக்கு 170 கிலோமீற்றருக்கும் மேல். திடுக்கிட்டுக் கை அசையவே ஏறத்தாழக் கால் செக்கன் போய்விடும். 24 பல் பிளேட்டென்றால் அந்தக் கால் செக்கனுக்குள் 500 பல் அதே இடத்தைக் கடந்திருக்கும்.

[காட்சி: மேசை வாள், பக்கவாட்டில். அம்புக்குறி பிளேட் சுற்றும் திசையைக் காட்டுகிறது.]

மேசை வாளில் மரம் ஏன் துள்ளுகிறது? உங்கள் பக்கத்துப் பல் கீழே இறங்குகிறது, மரத்தை மேசையோடு அமுக்கும். அதில் ஆபத்துக் குறைவு. அந்தப் பக்கத்துப் பல் மேலே ஏறி வருகிறது. மரம் அதில் முட்டினால் முதலில் மேலே கிளம்பும், பிறகு பிளேட்டின் உச்சியால் உங்களை நோக்கி எறியப்படும். முட்ட வைப்பது இரண்டு காரணம். ஒன்று, வெட்டின வாய் பின்னால் மூடிக்கொள்வது. மாரியில் மழையில் கிடந்து வந்த ஈரப் பலகையும், உள்ளே முறுக்கம் இருக்கிற பலகையும் வெட்ட வெட்ட வாயை மூடும். மற்றது, பலகையை ஒட்டித் தள்ளுகிற வழிகாட்டிச் சட்டம் பிளேட்டுக்கு நேராக இல்லாமல் பின்பக்கம் நெருங்கி இருப்பது. பிளேட்டின் முன்பல்லுக்கும் பின்பல்லுக்கும் சட்டத்திலிருந்து அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்னால் அரை மில்லிமீற்றர் கூடினால் பரவாயில்லை, குறையவே கூடாது.

வாய் மூடாமல் தடுக்க பிளேட்டுக்குப் பின்னால் ஒரு தகடு நிற்க வேண்டும். கம்பனி மேசை வாளில் அது கூடவே வரும், நம்மவர்கள் "இடைஞ்சல்" என்று கழற்றி லாச்சிக்குள் போட்டுவிடுவார்கள். கவிழ்த்துப் பூட்டின வாளில் அநேகமாக அது இருக்காது, நீங்களேதான் பொருத்த வேண்டும். தகட்டின் தடிப்பு பிளேட்டின் உடலை விடக் கூட, பல் வெட்டும் அகலத்தை விடக் குறைய இருக்க வேண்டும். உடல் 1.8, வெட்டு 2.6 மில்லிமீற்றர் என்றால் 2.2 மில்லிமீற்றர்த் தகடு சரி. பல்லுக்கும் தகட்டுக்கும் இடைவெளி 3 தொடக்கம் 8 மில்லிமீற்றர். தகட்டின் உச்சி பிளேட்டின் உச்சியை விட மயிரிழை தாழ்வாக, பிளேட்டோடு ஒரே நேர்கோட்டில். ஆட்டமிருந்தால் அதுவே மரத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே இரண்டு போல்ட்டால் இறுக்குங்கள்.

பிளேட்டின் உயரம்? பலகைக்கு மேலே ஒரு பல் தெரிந்தால் போதும். முக்கால் அங்குலப் பலகைக்கு மூன்று அங்குலம் எழுப்பி வைப்பது கையை அறுக்க வாய்ப்புக் கொடுப்பது.

தள்ளுகோல் ஒன்று கட்டாயம். 40 சென்ரிமீற்றர் நீளம், ஒட்டுப்பலகையில் வெட்டினால் நல்லது, நுனியில் மரத்தின் மூலையைப் பிடிக்கிற வெட்டு. பிளேட்டுக்கும் கைக்கும் ஒரு சாண் தூரம் வருமுன் கை விலக வேண்டும், கோல் பொறுப்பெடுக்க வேண்டும். கோலை ஆணியில் மாட்டி வைக்காதீர்கள், மேசையின் வலதுபக்கத்திலேயே படுத்திருக்கட்டும். எட்டாத கோலை யாரும் எடுப்பதில்லை.

நிற்கும்போது பிளேட்டின் நேருக்கு நிற்காமல் ஒரு பக்கம் விலகி நில்லுங்கள். வெட்டி விழுந்த துண்டை வாள் முழுதாக நிற்கும்வரை எடுக்க வேண்டாம். சுவிச்சை அணைத்தபின் ஓடிக்கொண்டிருக்கும் அந்தச் சில செக்கனில்தான் நிறையப் பேர் கையை விடுகிறார்கள், சத்தம் குறைந்ததை "நின்றுவிட்டது" என்று காது சொல்லிவிடுவதால்.

[காட்சி: சேர்குலர் சோவின் திருகு சுவிச்சில் நைலோன் கயிறு சுற்றியிருக்கிறது. மேலே சிவப்புக் குறுக்குக்கோடு.]

இது நம்ம ஊரில் தனியாகப் பேச வேண்டிய சங்கதி. கவிழ்த்துப் பூட்டினால் சுவிச்சுக்குக் கை எட்டாது என்று கயிறால் கட்டிவிட்டு, சுவர் பிளக்கால் போட்டு அணைப்பார்கள். மாரிக்காற்றில் கரண்ட் போகும். பிளக்கைக் கழற்றாமல் பிளேட் பக்கத்தில் தூசு துடைப்பீர்கள். கரண்ட் வரும். வாளுக்கு நீங்கள் நிற்பது தெரியாது. மின்சாரம் போனால் தானே விழுந்து, திரும்ப அமுக்கினால் மட்டுமே ஓடுகிற சுவிச் இருக்கிறது. மேசையின் காலில், முழங்காலால் தட்டி அணைக்கிற உயரத்தில் ஒரு மின்தொழிலாளரைக் கொண்டு பொருத்துங்கள். அது வரும்வரை ஒரே சட்டம்: கரண்ட் போன உடனே பிளக் கையில்.

[காட்சி: கிரைண்டர், காவல்மூடி இல்லாமல், மரம் வெட்டும் பிளேட்டுடன்.]

இனிக் கிரைண்டர். வீட்டில் இருக்கிற மெசினிலேயே மரத்துக்கு மிகவும் பொருந்தாதது, ஆனால் அதிகம் மரம் வெட்டப்படுவதும் அதால்தான். நாலு அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் ஓடும். கடையில் கிடைக்கிற 110 மில்லிமீற்றர் மர பிளேட்டின் துளை 20 மில்லிமீற்றர், மாபிள் வெட்டும் மெசினுக்கு வந்தது. 100 மில்லிமீற்றர்க் கிரைண்டரில் துளை 16. ஆகவே வளையம் போட்டு மட்டுமட்டாக இருத்துகிறோம், பிளேட் நடுமையம் தப்புகிறது. 110 மில்லிமீற்றர் பெரும்பாலும் காவல்மூடியில் முட்டும், மூடியைக் கழற்றுகிறோம். தள்ளு சுவிச் விரலை எடுத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். பெரிய பல், திறந்த பிளேட், நிற்காத சுவிச், இலேசான உடல். பல் மரத்தில் கொழுவினால் மெசின் முழுதாகவே கையைச் சுற்றித் திரும்பும். பிடித்திருக்கிற கையில், தொடையில், சில நேரம் கழுத்தில் பாயும்.

இதற்குப் பாதுகாப்பான முறை என்று ஒன்றைச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. பலகை வெட்டச் சேர்குலர் சோ, வளைவுக்கு ஜிக்சோ, இரண்டும் இல்லாவிட்டால் கைவாள். கிரைண்டர் இரும்புக்கும் தேய்ப்புக்கும்.

[காட்சி: சேர்குலர் சோவின் கீழ்மூடியை விரலால் உயர்த்தி விடுகிறார். மூடி அரைவழியில் நிற்கிறது.]

கடற்கரையோரம் இருப்பவர்கள் இதைப் பாருங்கள். சேர்குலர் சோவின் கீழ்மூடி ஸ்பிரிங்கால் தானே மூட வேண்டும். உப்புக்காற்று ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும், மரப்பிசினும் தூசும் சேர்ந்து மூடியை இறுக்கும். பிளக் கழற்றிய பிறகு மூடியை உயர்த்தி விடுங்கள். டக்கென்று அடித்து மூடினால் சரி. மெல்ல ஊர்ந்தால் மண்ணெண்ணெய் தடவிய துணியால் துடைத்து, காய்ந்த பிறகு வேலை செய்யுங்கள், ஸ்பிரிங் களைத்திருந்தால் மாற்றுங்கள். ஆப்பு வைத்துத் திறந்தே விடுகிறவர்களும் உண்டு: வெட்டி முடித்துத் தொடையில் சாய்க்கும்போது பிளேட் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்.

பிளேனரில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். சுவிச்சை விட்டபின்னும் கத்தி உருளை ஓடும். சீவல் அடைத்தால் பிளக்கைக் கழற்றி, ஈர்க்கிலால் தட்டி எடுங்கள், விரலால் அல்ல. ஒரு அடிக்குக் குறைந்த துண்டைக் கையில் பிடித்துச் சீவ வேண்டாம், கைச்சீவுளி எதற்கு இருக்கிறது. ட்ரில்லில் சிறு துண்டைக் கையால் பிடித்தால் துளைக்கோல் பிடித்துச் சுற்றும், ஆகவே கிளாம்ப்.

பனஞ்சட்டம் வேலை செய்தால் தனிக் கவனம். அதன் கறுத்த நார் ஊசிபோல் கைக்குள் ஆழமாக ஏறும். முழுதாக வெளியே வராவிட்டால் கிண்டிப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதிரைத் தூசு சிலருக்குத் தோலில் கடி, தடிப்பு உண்டாக்கும், முகமூடியும் நீளக்கைச் சட்டையும் போடலாமே என்று தோன்றும். கை பொத்தானிட்டு மணிக்கட்டோடு இறுகியிருந்தால் போடலாம்.

கையுறை? சுழலும் வாள், ட்ரில், மரத்தில் காடி வெட்டுகிற ரவுட்டர் அருகே வேண்டாம். பல் துணியைப் பிடித்தால் விரலைத் தொடுவதோடு நிற்காது, கையையே இழுக்கும். மோதிரம், கைக்கடிகாரம், கோயிலில் கட்டிய காப்புநூல் எல்லாம் கழற்றுங்கள். சாரத்தின் தொங்கலும் அப்படித்தான், காற்சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

[காட்சி: சுத்தமான துணி, பொலித்தீன் பை, ஐஸ் போட்ட தண்ணீர் வாளி, கைப்பேசியில் 1990.]

வெட்டுப்பட்டுவிட்டால், முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு சுத்தமான துணியால் காயத்தை நேராக அமத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். 10 நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். துணி நனைந்தால் அதன்மேல் இன்னொன்று. மோதிரம் இருந்தால் வீங்க முதல் கழற்றுங்கள். கோப்பித்தூள், மஞ்சள், பற்பசை எதுவும் வேண்டாம், வைத்தியர் அவ்வளவையும் கழுவிய பிறகுதான் தைக்கத் தொடங்க வேண்டியிருக்கும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

அறுந்த விரல் கிடந்தால் தேடி எடுங்கள். சுத்தமான தண்ணீரில் மெதுவாக அலசி, சேலைன் அல்லது சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீருக்குள் வையுங்கள். நேரடியாக ஐஸ் கட்டிமேல் வைத்தால் திசு உறைந்து கெட்டுவிடும், பிறகு ஒட்ட முடியாது. பையில் வெட்டுப்பட்ட நேரத்தை எழுதுங்கள்.

பிளேன்டீயோ தண்ணீரோ குடிக்கக் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து தேவைப்படலாம். கூடப் போகிறவர் வைத்தியரிடம் சொல்ல வேண்டியது: எத்தனை மணிக்கு வெட்டுப்பட்டது, எந்த மெசின், கடைசியாக எப்போது சாப்பிட்டார், ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டார்.