நெல் தப்பிக்கும், புல் கருகும்: புரோப்பனில் வேலை செய்யும் விதம்

(திரையில்: செங்குன்றம் அரிசி ஆலை வாசலில் நெல் லாரிகள்)

வணக்கம், செங்குன்றத்திலிருந்து பேசுகிறேன். 1980களில் மீஞ்சூர் பக்கம் எங்கள் தாத்தா நெல் போட்டபோது, ஒருநாள் கூலி மிச்சமாகுமே என்று புரோப்பனில் களைக்கொல்லியையும் பூச்சிமருந்தையும் ஒரே டேங்கில் கலந்து அடித்துவிட்டார். நாலே நாளில் புல்லோடு சேர்ந்து நெல்லும் கருகிவிட்டதாம். அப்பா இன்றும் வருத்தத்தோடு சொல்வார். அது ஏன் நடந்தது என்று புரிந்துகொண்டாலே இந்த மருந்து பாதி புரிந்துவிடும்.

(திரையில்: நெல் நாற்றும் குதிரைவாலிப் புல்லும் பக்கத்தில் பக்கத்தில்)

இளசாக இருக்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இலை தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள், நெல்லுக்கு அங்கே ஒரு மெல்லிய சவ்வு உண்டு, குதிரைவாலிக்குக் கிடையாது. கையால் களையெடுப்பவர் அதைப் பார்த்துப் பிடுங்குவார், சரி, மருந்துக்கு எப்படித் தெரியும்?

உண்மையில் மருந்துக்கு எதுவும் தெரியாது. இரண்டு இலையிலும் புகுந்து இரண்டின் ஒளிச்சேர்க்கையையும் நிறுத்தத்தான் பார்க்கிறது. ஆனால் நெல் இலைக்குள் அரைல் அசைலமிடேஸ் என்று ஒரு நொதி நிறைய இருக்கிறது, அது புரோப்பனிலை வேகமாக உடைத்துப்போட்டுவிடும். புல்லிடம் அந்த நொதி மிகக் குறைவு, அதனால் அது கருகிவிடும். இப்போது தாத்தா கதைக்கு வாருங்கள்: ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிமருந்துகள் நெல்லின் இந்த நொதியையே முடக்கிவிடும். கவசம் போனபின் நெல்லும் புல்லும் ஒன்றுதான். அதனால்தான் இரண்டுக்கும் நடுவில், முன்னும் சரி பின்னும் சரி, குறைந்தது 14 நாள் இடைவெளி விடச் சொல்கிறார்கள்.

(திரையில்: தண்ணீர் வடித்த வயல், கைத்தெளிப்பான்)

இது தொடு களைக்கொல்லி, பட்ட இடம்தான் சாகும், வேருக்கு இறங்கி வேலை செய்யாது. புல் இரண்டு மூன்று இலையில் இருக்கும்போதே அடிக்க வேண்டும், தண்ணீரை வடித்துப் புல்லின் இலை முழுதும் வெளியே தெரிய வேண்டும், இலை நன்றாக நனைய வேண்டும். மண்ணில் சில நாளுக்கு மேல் நிற்காது என்பதால் அடுத்த களை விதை முளைப்பதைத் தடுக்காது, அதைத் தடுக்கத்தான் சீக்கிரமே மறுபடி தண்ணீர் கட்டுவார்கள். மருந்து பட்ட தண்ணீரை மட்டும் தயவுசெய்து வாய்க்காலில் திறந்துவிடாதீர்கள், நம் பக்கத்துப் புழல் ஏரியில் இருப்பது சென்னை குடிக்கிற தண்ணீர்.

வருடா வருடம் இதையே அடித்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் அர்க்கன்சாஸ் நெல் வயல்களில் பார்த்தார்கள்: சாகாமல் நின்ற குதிரைவாலியைச் சோதித்தால், நெல்லைக் காப்பாற்றும் அதே நொதி அதனிடமும் அதிகமாகியிருந்தது. நெல்லின் தந்திரத்தைப் புல் பிடித்துக்கொண்டது! மருந்தை மாற்றி மாற்றி அடிப்பதோடு கையால் களையெடுப்பதையும் விடக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

வாங்கும் முன் இப்போது இதற்குப் பதிவு இருக்கிறதா, உங்கள் பயிருக்கு எவ்வளவு என்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். கையுறை, முகமூடி கட்டாயம். தப்பித்தவறி உள்ளே போனால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உதடும் நகமும் நீலமாகும், இலங்கையில் இந்த நஞ்சால் பல உயிர்கள் போயிருக்கின்றன. அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், போகும்போது மருந்து டப்பாவையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், லேபிளைப் பார்த்தால்தான் டாக்டருக்கு எதற்கு வைத்தியம் செய்கிறோம் என்று உடனே தெரியும்.