அட்லாண்டா கத்திச் சந்தையில் ஒரு நாள்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஆண்டுதோறும் ஜூன் மாதம் மூன்று நாள் நடக்கிறது ‘பிளேடு ஷோ’. கத்தி செய்கிறவர்களும் சேகரிக்கிறவர்களும் கூடுகிற பெரிய சந்தை. ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், பெரிய கம்பெனிகளின் அரங்குகளை மாலைக்கு ஒதுக்கிவிடுங்கள். அவர்கள் சரக்கு எப்போதும் கிடைக்கும். தனியாகப் பட்டறை வைத்திருப்பவர்களின் மேசைகளுக்குக் கதவு திறந்ததுமே போய்விட வேண்டும். ஒருவர் கொண்டுவருவதே சில கத்திகள்தான்.

பில் மோரன் முதலானோர் 1976இல் தொடங்கிய அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கம், கொல்லர் பட்டம் கேட்டு வருகிறவர்களின் கத்திகளை இங்கே வைத்து மதிப்பிடுகிறது. வெட்டுத் தேர்வு முன்னதாகவே ஒரு முதுநிலைக் கொல்லரின் முன்னிலையில் முடிந்திருக்கும். தொங்கும் 1 அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். இரண்டுக்கு நாலு அங்குலம் என்று சொல்லப்படும் மரச்சட்டத்தை இரண்டு முறை துண்டாக்க வேண்டும். அதற்குப் பிறகும் அதே கூர் கை முடியை மழிக்க வேண்டும். கடைசியில் அலகை வைஸ் என்ற இறுக்கும் கருவியில் இறுக்கி 90 டிகிரி வளைப்பார்கள். பதம் ஏறி அளவுக்கு மீறிக் கடினமாகிப்போன அலகு அங்கே படக்கென்று முறியும். பதம் போதாததற்கு மரத்திலேயே கூர் மடங்கிவிடும். தோய்ப்பதற்கு முன் அளவுக்கு மீறிக் காய்ச்சியிருந்தால் எஃகுக்குள் இருக்கும் நுண்மணிகள் பருத்துவிடும், அதுவும் முறியும். வெட்டும் ஓரம் கடினமாகவும் முதுகு சற்று இளகியும் இருந்தால்தான் நான்கும் தேறும்.

அட்லாண்டாவில் நடுவர்கள் முன் வைப்பது முழுதாக முடித்த ஐந்து கத்திகள். அவர்கள் பார்க்கிற விதத்தில்தான் நீங்களும் பார்க்க வேண்டும். கூரை மேலே திருப்பி, விளக்குக்கு நேரே பிடித்து, அடியிலிருந்து முனைவரை கண்ணை ஓட்டுங்கள். எங்கே மின்னுகிறதோ அங்கே கூர் இல்லை. இரண்டு பக்கச் சாய்வும் பிடிக்கருகே ஒரே இடத்தில் தொடங்க வேண்டும். விரல் அலகில் வழுக்காமல் தடுக்கும் கைக்காவலும் அலகும் சேருமிடத்தில் முடியளவு இடைவெளிகூடக் கூடாது. ஈரம் புகுந்து துரு ஆரம்பிப்பது அங்கேதான். பிடியில் மரமும் உலோகமும் சேரும் கோட்டில் நகத்தை இழுத்தால் இடறக் கூடாது. மரம் ஈரத்துக்கு உப்பும், வறட்சிக்குச் சுருங்கும். அதனால் பிசின் ஊட்டிய மரமா என்று கேட்டுவிடுங்கள்.

அலகில் வரிவரியாகக் கோலம் தெரியும் டமாஸ்கஸ் கத்தியில் இன்னும் கவனம் வேண்டும். பெரும்பாலும் 1084, 15என்20 என்ற இரண்டு எஃகுகளை அடுக்கி, காய்ச்சி அடித்து ஒட்டி, மடித்து மடித்து அடுக்கைப் பெருக்குவார்கள். எஃகை அரிக்கும் பெரிக் குளோரைடு கரைசலில் முக்கினால் 1084 கறுக்கும், நிக்கல் கலந்த 15என்20 வெள்ளையாக நிற்கும். வரிகளுக்கு நடுவே நகத்தில் தட்டுப்படும் கருங்கோடு இருந்தால் அது அழகு அல்ல, அடுக்கு ஒட்டாத விரிசல். தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய பழைய எஃகு முற்றிலும் வேறு. அதன் வரிகள் அடுக்கி ஒட்டியதால் வந்தவை அல்ல, எஃகின் உள்ளிருந்தே உருவானவை. இரண்டும் ஒன்று என்று சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள்.

எதையும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அலகில் விரல் பட்டால் வியர்வையின் உப்பு கார்பன் எஃகில் கறையாகிவிடும். பட்டுவிட்டால் சொல்லுங்கள், கத்தி செய்தவரே எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொள்வார். மடக்குக் கத்தியை மெதுவாகத் திறந்து, பூட்டு விழுந்தபின் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். துளி ஆட்டமும் இருக்கக் கூடாது. அனுமதியில்லாமல் சுண்டித் திறப்பது பெரிய மரியாதைக் குறைவு.

வாங்கியதை விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது. உறையிலிட்டு, முனைக்குக் கெட்டி அட்டை சுற்றி, செக்-இன் பெட்டியில் வையுங்கள். கார்பன் எஃகு என்றால் ஊர் வந்ததும் தோலுறையிலிருந்து எடுத்துவிடுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.